ஒப்பீட்டு வயலிலும் நஞ்சு: தனித்தேனீக்கள் குறித்த ஒரு முனைவர் பட்ட ஆய்வு, தொடக்கம் முதல் முடிவு வரை

பின்னணி

விளைநிலங்களில் பயன்படும் பூச்சிக்கொல்லிகளால் மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளுக்கு என்ன ஆபத்து என்பதை ஆராய்ந்த ஒரு மாணவியின் முனைவர் பட்டப் பணியைப் பற்றியது இந்தப் பதிவு. அவருடைய ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருந்ததால் திட்டம் வகுத்த நாள் முதல் வாய்மொழித் தேர்வு வரை அருகிலிருந்து பார்க்க முடிந்தது. மாணவி, நெறியாளர், நிலம் தந்த விவசாயிகள் யாரையும் அடையாளம் காட்டும் விவரங்களைத் தரவில்லை. நியோநிக்கோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளால் விதை நேர்த்தி செய்ய, அதாவது விதைக்கும் முன் விதையின் மேல் பூச, அனுமதி இருந்த ஒரு பகுதியில் நடந்தது என்று தெரிந்தால் போதும்.

இமிடாகுளோபிரிட், குளோதியானிடின், தயாமீதாக்சம் ஆகிய மூன்றும் இந்த வகையில் அதிகம் பேசப்பட்டவை. பூச்சியின் நரம்பு மண்டலத்தில் செய்தியைக் கடத்த உதவும் நிக்கோட்டினிக் அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் தாக்குபவை. விதையின் மேல் பூசினால் செடி முளைத்து வளரும்போது தண்டு, இலை, கடைசியில் மகரந்தம், பூந்தேன் வரை பரவும். இமிடாகுளோபிரிட்டை வாய்வழியாக உட்கொள்ளும் தேனீக்களில் பாதியைக் கொல்ல, ஒரு தேனீக்கு ஏறத்தாழ 4 நானோகிராம் போதும். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் இம்மூன்றையும் தேனீக்களை ஈர்க்கும் பயிர்களில் கட்டுப்படுத்தியது. 2018 இல் திறந்த வெளியில் பயன்படுத்துவதையே தடை செய்தது. வேறு பல நாடுகளில் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

மாணவி எடுத்துக்கொண்ட கேள்வி இந்த மருந்துகள் கொல்லுமா என்பதல்ல. அது ஆய்வகங்களில் முன்பே தெளிவாகிவிட்டது. வளர்ப்புத் தேனீயை வைத்து எடுக்கும் முடிவு தனித்து வாழும் தேனீக்களுக்கும் பொருந்துமா என்பதே கேள்வி. மருந்துக்கு ஒப்புதல் வழங்கும் முறையில் நெடுங்காலமாகத் தேனீ இனங்கள் அனைத்துக்கும் பதிலாளாக நின்றது வளர்ப்புத் தேனீ ஒன்றுதான். ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்கள் உள்ள கூட்டம் சில நூறு தேனீக்களின் இழப்பைத் தாங்கிக்கொள்ளும். உலகில் உள்ள 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. ஒரு பெண் தேனீதான் கூடு கட்டி, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு முடிக்கிறது. அது இறந்தால் அந்தக் கூடு அத்துடன் நின்றுபோகும். 2015 இல் ஸ்வீடனில் நடந்த ஒரு வயல் ஆய்வு இந்த வேறுபாட்டை நேரடியாகவே காட்டியது. குளோதியானிடினும் பைரித்ராய்டு என்ற வேறொரு வகைப் பூச்சிக்கொல்லியும் பூசிய விதை விதைத்த கடுகு வயல்களுக்கு அருகே தனித்தேனீக்கள் கூடு கட்டவில்லை, பம்பிள் தேனீக் கூட்டங்களின் வளர்ச்சி குறைந்தது. வளர்ப்புத் தேனீக் கூட்டங்களிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மாணவியின் ஆய்வுக்கு அடித்தளம் இதுதான்.

முதல் திட்டம்

நாணல் குழாய்களில் கூடு கட்டும் ஆஸ்மியா வகைத் தனித்தேனீயை மாணவி தேர்ந்தெடுத்தார். ஆண்டுக்கு ஒரே தலைமுறை, இளவேனிலில் பறக்கும், கடுகுக் குடும்பத்து எண்ணெய் வித்துப் பயிர் பூக்கும் காலத்தோடு அதன் வாழ்க்கை ஒத்துப்போகும். கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் இரை தேடும் என்பதால், கூடு வைத்த இடத்துக்கும் தேனீ உண்ட உணவுக்கும் உள்ள தொடர்பை நம்பலாம். பல கிலோமீட்டர் பறக்கும் வளர்ப்புத் தேனீயில் இந்த வசதி கிடையாது.

வயல்கள் இணை இணையாகத் தேர்வாயின. ஒவ்வொரு இணையிலும் ஒரு வயலில் மருந்து பூசிய விதை, மற்றதில், அதாவது ஒப்பீட்டு வயலில், பூசாத விதை. சுற்றியுள்ள புல்வெளி, மரங்கள், வயலின் பரப்பு ஆகியவை இணைக்குள் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார். அந்தப் பருவத்தில் எந்த விதை, எந்த மருந்து என்று விவசாயிகளிடம் எழுத்தில் வாங்கினார். வயல் ஓரங்களில் குழாய்க் கட்டுகள் நிறுவப்பட்டன. பருவ முடிவில் கூடுகளைத் திறந்து அறைகளையும் பிழைத்த குஞ்சுகளையும் எண்ணுவது, சில கூடுகளின் மகரந்தத்தில் மருந்தின் எச்சம் அளப்பது என்பது திட்டம். எச்சம் அளப்பது அப்போது ஒரு துணைச் சான்றாகவே கருதப்பட்டது. மருந்திட்ட வயலில் மருந்து இருக்கும், ஒப்பீட்டு வயலில் இருக்காது என்பதை உறுதிப்படுத்த மட்டும்.

முதல் பருவத்தில் கண்டவை

பருவம் அமைதியாகவே கழிந்தது. குழாய்களைத் திறக்கும் வேலையை ஒரு நாள் பக்கத்திலிருந்து பார்த்தேன். நாணலை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே மண் சுவர்களால் பிரிக்கப்பட்ட அறைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு அறையிலும் மஞ்சள் மகரந்த உருண்டை, அதை உண்டு வளர்ந்த புழு அல்லது பட்டுக்கூடு. உட்புற அறைகளில் பெண் முட்டைகள், வாயிலை ஒட்டிய அறைகளில் ஆண் முட்டைகள் என்பது இந்தத் தேனீயின் வழக்கம். பெண் குஞ்சுக்கு அதிக மகரந்தம் வேண்டும். தாய் நலிந்தாலோ உணவு குறைந்தாலோ பெண் முட்டைகள் குறைந்து ஆண்கள் கூடும். ஆகவே எத்தனை குஞ்சு என்பதோடு எத்தனை பெண் குஞ்சு என்பதும் எண்ணப்பட்டது. மாணவி ஒவ்வோர் அறையையும் புகைப்படம் எடுத்து, மகரந்தத்தில் ஒரு துளியை நுண்ணோக்கிக்கும் ஒரு பகுதியை எச்சப் பரிசோதனைக்கும் ஒதுக்கினார். புழு முழுதும் உண்டு தீர்த்த அறைகளிலிருந்து எதுவும் எடுக்க முடியாது என்பதால், பருவத்தின் நடுவிலேயே சில குழாய்களை எடுத்து உறைகுளிரில் வைத்திருந்தார். அந்த முன்யோசனை பின்னர் மொத்த ஆய்வையும் காப்பாற்றியது.

மிகச் சிறிய அளவு வேதிப்பொருளையும் கண்டறியும் திரவ வண்ணப்பகுப்பு நிறைமானியில் அளந்த முடிவுகள் வந்தபோது இரண்டு செய்திகள் இருந்தன. ஒப்பீட்டு வயல்கள் பலவற்றில் குளோதியானிடின் எச்சம் இருந்தது. சிலவற்றில் அது, இணையாக இருந்த மருந்திட்ட வயலின் அளவுக்கே வந்துவிட்டது. இரண்டாவது செய்தி நுண்ணோக்கியிலிருந்து வந்தது. குழாய்களில் இருந்த மகரந்தத்தில் கடுகு மகரந்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. மரங்களின் மகரந்தமும் வரப்போரக் காட்டுப்பூக்களின் மகரந்தமும்தான் நிறைய.

ஆய்வகக் கலப்படமா என்ற ஐயம் முதலில் எழுந்தது, எழத்தான் வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாமல் அளந்த வெற்று மாதிரிகள் சுத்தமாக இருந்தன. மறு பகுப்பாய்வும் அதே முடிவைத் தந்தது. விவசாயிகள் உண்மையை மறைத்தார்களா என்று குழுவில் ஒருவர் கேட்டார். மாணவி இதை ஏற்கவில்லை. குற்றம் சாட்டும் தொனி சிறிதும் இல்லாமல் ஒவ்வொருவரையும் நேரில் சந்தித்து, இந்த ஆண்டைப் பற்றிக் கேட்பதற்குப் பதில் முந்தைய ஆண்டுகளில் அந்த நிலத்தில் என்ன பயிர், எந்த விதை என்று கேட்டார். ஒரு முதிய விவசாயி, "நான் போடாத மருந்து என் நிலத்தில் எப்படியம்மா வரும்?" என்று வருத்தத்தோடு கேட்டவர், பேச்சின் நடுவில் கொட்டகைக்குப் போய்ப் பழைய விதைப் பை ஒன்றை எடுத்துவந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விதைத்த தானியத்தின் பை அது. சிறிய எழுத்தில் குளோதியானிடின் பூச்சு என்று அச்சிட்டிருந்தது. விதை அப்படியேதான் விற்கப்பட்டது. அவர் தனியாக எதையும் தெளிக்கவில்லை. கேட்ட கேள்விக்கு அவர் தந்த பதிலில் பொய் எதுவும் இல்லை.

இந்த மருந்தின் இயல்பைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. விதையில் பூசுவதில் சிறு பங்கையே பயிர் உறிஞ்சும். மீதி மண்ணில் தங்கும். குளோதியானிடின் மண்ணில் பாதியாகக் குறையவே மாதக்கணக்கில், சில மண்களில் ஆண்டுக்கணக்கில் ஆகும். நீரில் கரைந்து நகரும். வரப்போரச் செடிகள் வேர் வழியே எடுத்துக்கொள்ளும். விதைக்கும்போது கிளம்பும் தூசியும் ஒரு வழி. 2008 இல் ஜெர்மனியின் மேல் ரைன் பள்ளத்தாக்கில் மக்காச்சோளம் விதைத்தபோது பூச்சு சரியாக ஒட்டாமல் பறந்த குளோதியானிடின் தூசியால் 11,000-க்கும் மேற்பட்ட தேனீக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டன. நம் வயல்களில் அவ்வளவு கொடுமை நிகழவில்லை. ஆனால் மருந்து வயலின் எல்லைக்குள் அடங்கி நிற்காது என்பதற்கு அது போதுமான சான்று.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

குழுவின் முன் மூன்று வழிகள் இருந்தன. எச்சம் இருந்த ஒப்பீட்டு வயல்களை நீக்கிவிடலாம். எச்சத்தைப் பொருட்படுத்தாமல் விதை வகையை மட்டும் வைத்து ஒப்பிடலாம். அல்லது மருந்திட்டது, இடாதது என்று வயல்களை இரண்டாகப் பிரிக்கும் வடிவத்தைக் கைவிட்டு, தேனீ உண்மையில் கூட்டுக்குக் கொண்டுவந்த நஞ்சின் அளவை ஒரு படிநிலையாக வைத்துப் பகுப்பாய்வு செய்யலாம்.

நீக்கும் யோசனைக்கு ஆதரவு இருந்தது; காலம் மிச்சமாகும், ஆய்வேட்டின் வடிவம் மாறாது. ஆனால் முடிவு வந்த பிறகு மாதிரிகளைக் களைவது எந்தப் புலத்திலும் ஆபத்தானது. தவிர, சுத்தமான ஒப்பீட்டு வயல்கள் எல்லாம் புல்வெளிகள் நிறைந்த பக்கமாகவே அமைந்திருந்தன. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் மருந்தின் விளைவும் நிலப்பரப்பின் விளைவும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். இரண்டாம் வழி இன்னும் மோசமானது. குறைந்த நஞ்சையும் கூடுதல் நஞ்சையும் ஒப்பிட்டுவிட்டு நஞ்சின்மையோடு ஒப்பிட்டதாக எழுத நேரும். வேறுபாடு சிறிதாகத் தெரியும். மருந்தால் பாதிப்பில்லை என்ற தவறான முடிவுக்கு அந்த ஆய்வேடு மேற்கோளாகிவிடும். எனக்கு இதில் இருந்த அச்சம் அதுதான். கூட்டத்தில் வெளிப்படையாகவே சொன்னேன்.

மூன்றாம் வழி ஏற்கப்பட்டது, ஒரு கடுமையான நிபந்தனையோடு. குஞ்சு எண்ணிக்கைத் தரவும் எச்சத் தரவும் அதுவரை தனித்தனிக் கோப்புகளில்தான் இருந்தன. யாரும் இணைத்துப் பார்க்கவில்லை. இணைப்பதற்கு முன்பே புதிய பகுப்பாய்வுத் திட்டத்தை எழுதி, தேதியிட்டு, குழு முழுதும் கையொப்பமிட்டுப் பூட்டிவைக்க வேண்டும் என்று நெறியாளர் வற்புறுத்தினார். எந்த மாறி, எந்த மாதிரி, விலக்குகள் எவை என்று எல்லாம் அதில் இருந்தன. பழைய இணை ஒப்பீடும் கைவிடப்படாமல், இரண்டாம் பகுப்பாய்வாக அதே ஆய்வேட்டில் இடம்பெறும் என்று முடிவாயிற்று.

இரண்டாம் பருவத்துக்கு மேலும் சில மாற்றங்கள் வந்தன. கூட்டு மகரந்தத்தோடு மண்ணும் வரப்போரப் பூக்களும் மாதிரியாக எடுக்கப்பட்டன. எச்சப் பட்டியலில் பூசணக்கொல்லிகளும் சேர்க்கப்பட்டன. இதற்கு மாணவியே வாதாடினார். அசோல் வகைப் பூசணக்கொல்லிகள் தனியே தேனீக்குப் பெரிய நஞ்சு அல்ல. ஆனால் நஞ்சைச் சிதைக்கும் பி450 நொதிகளைத் தடுக்கின்றன. அதனால் பைரித்ராய்டுகளும் தயாகுளோபிரிட் போன்ற சில நியோநிக்கோட்டினாய்டுகளும் பலமடங்கு கொடியவையாகின்றன. 2004 இல் வெளியான ஓர் ஆய்வகப் பரிசோதனையில் தயாகுளோபிரிட்டின் நச்சுத்தன்மை சில அசோல்களோடு சேர்ந்தபோது நூற்றுக்கணக்கான மடங்கு உயர்ந்தது. பட்டியலை விரித்தால் செலவு கூடும். வயல்களின் எண்ணிக்கையைக் குறைத்து அதை ஈடுகட்டினார்கள். வயல்கள் குறைவதில் எனக்குத் தயக்கம் இருந்தது. ஆனாலும் பல வயல்களை அரைகுறையாக அறிவதைவிடச் சில வயல்களை முழுதாக அறிவது இந்தக் கேள்விக்குப் பொருத்தம் என்ற வாதம் நியாயமானது.

ஒவ்வொரு விவசாயிக்கும் அவருடைய நிலத்தின் முடிவு மட்டும், தனியாக, எளிய மொழியில் விளக்கப்பட்டது. மற்றவர் முடிவு யாருக்கும் தெரிவிக்கப்படவில்லை.

இரண்டாம் பருவம்: ஒரு காலை நேரத் தெளிப்பு

கடுகு முழுதாகப் பூத்திருந்த நேரம். ஒரு வயலில் குழாய்க் கட்டின் அடியில் பெண் தேனீக்கள் இறந்து கிடப்பதை மாணவி கண்டார். பலவற்றின் நாக்கு வெளியே நீண்டிருந்தது. நஞ்சு பாதிப்பில் அடிக்கடி காணப்படும் அடையாளம்தான், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஒரு குழாயின் வாயிலில் ஈரம் காயாத அரைச் சுவர் நின்றிருந்தது. மண் கொண்டுவரப் போன தேனீ திரும்பவில்லை. மாணவி உடனே தேனீக்களைச் சேகரித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தார். தாமதித்தால் எச்சம் சிதைந்துவிடும். நேரம், வெப்பநிலை, காற்று ஆகியவற்றைக் குறித்து, இணை வயலுக்கும் சென்று அங்கே அப்படி எதுவும் இல்லை என்று பதிவு செய்தார்.

பிறகு அந்த விவசாயியை அழைத்தார். அவர் மறைக்கவில்லை. வண்டுக்கு ஒரு பைரித்ராய்டும் தண்டழுகலுக்கு ஓர் அசோலும் ஒரே தொட்டியில் கலந்து அன்று காலை தெளித்திருந்தார். மாலையில் தெளிக்கவே நினைத்திருந்தார். மாலைக்குப் பலத்த காற்று என்று வானிலை அறிக்கை சொன்னதால் முன்கூட்டியே முடித்துவிட்டார். இரண்டும் தனித்தனியே அனுமதி பெற்றவை. கலக்கக் கூடாது என்று இரண்டு லேபிளிலும் இல்லை.

பக்கத்து நிலத்தில் வளர்ப்புத் தேனீப் பெட்டிகள் இருந்தன. அவற்றின் உரிமையாளர் அதே நாளில் மாணவியைத் தொடர்புகொண்டு என்ன நடந்தது என்று கேட்டார். விவசாயிகளோடு செய்த ஒப்பந்தத்தில் எந்தத் தகவலும் வெளியே போகாது என்று எழுதியிருந்தது. மறுபக்கம், பெட்டிகளை மூடியோ நகர்த்தியோ காப்பாற்ற அந்த மனிதருக்கு அப்போதைய சில மணி நேரமே இருந்தது. குழு தொலைபேசியில் கூடிப் பேசியது. ஒப்பந்தத்தை மீறினால் இந்த விவசாயி மட்டுமல்ல, மற்ற எல்லோரும் கதவை மூடுவார்கள் என்றார் ஒருவர். தெரிந்தும் சொல்லாமல் இருந்து பெட்டிகள் அழிந்தால் அதை எந்த ஒப்பந்தமும் நியாயப்படுத்தாது என்றார் இன்னொருவர். இரண்டும் சரியான வாதங்கள். மாணவியே வழி கண்டார். தேனீ வளர்ப்பவருக்கு விவசாயியின் வாயால் செய்தி போக வேண்டும் என்று கருதி, மீண்டும் விவசாயியை அழைத்து நிலைமையை விளக்கி, "நீங்களே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது, ஐயா" என்று கேட்டுக்கொண்டார். அவர் மறுத்தால் ஒரு மணி நேரத்தில் குழுவே தெரிவிக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். விவசாயி உடனே பேசினார். பெட்டிகள் அன்றே நகர்த்தப்பட்டன.

இறந்த தேனீக்களில் இரு மருந்தின் எச்சமும் இருந்தன.

விளைவு

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு விவசாயிகள் விலகுவார்கள் என்று எதிர்பார்த்தோம். ஒருவர் விலகினார். மற்றவர்கள் அதுவரை தராத ஒன்றைத் தரத் தொடங்கினார்கள்: தெளித்த நாளோடு தெளித்த நேரமும், தொட்டியில் கலந்தவையும் அடங்கிய குறிப்பேடு. முடிவுகளை முதலில் அவர்களிடமே கொண்டுபோய்க் கொடுத்த நம்பிக்கைதான் காரணம் என்று நினைக்கிறேன். நேரம் தெரிந்த பிறகே, ஒரே மருந்து, ஒரே அளவு, ஆனால் தேனீ பறக்கும் வேளையில் தெளித்ததா இல்லையா என்ற ஒப்பீடு சாத்தியமானது.

பூட்டிவைத்த திட்டப்படி தரவுகளை இணைத்தபோது, இணை ஒப்பீடு ஏறக்குறைய ஒன்றும் காட்டவில்லை. கூட்டு மகரந்தத்தின் எச்சங்களை அவற்றின் நச்சுத்தன்மைக்கு ஏற்ப எடையிட்டுக் கூட்டிய அளவோ, பெண் குஞ்சுகளின் எண்ணிக்கையோடு தெளிவாகத் தொடர்புபட்டது. நஞ்சு கூடக் கூடப் பெண் குஞ்சு குறைந்தது. குளிரும் மழையும் மிகுந்த ஒரு பருவத்தில் இந்தத் தொடர்பு அழுத்தமாகவும், இதமான பருவத்தில் மெலிதாகவும் இருந்தது. வரப்போரக் காட்டுப்பூக்கள் நிறைந்த வயல்களில் இரண்டுவிதமான போக்கு தெரிந்தது. உணவு மிகுதியால் தேனீக்கள் செழித்தன. அதே பூக்கள் மண்ணிலிருந்து மருந்தை எடுத்துத் தந்த இடங்களில் அந்த நன்மை தேய்ந்தது. பூச்செடி வளர்த்தால் தேனீக்குப் பாதுகாப்பு என்று எளிதாகச் சொல்லும் பரிந்துரைகளுக்கு இது முக்கியமான திருத்தம். பூக்களை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். எந்த மண்ணில் விதைக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முதலில் கேட்டதே, பாதி வழியில் பகுப்பாய்வை மாற்றியது ஏன் என்பதுதான். தேதியிட்ட ஆவணத்தை மாணவி முன்வைத்தார். தேர்வாளர் அதைப் படித்துமுடித்து, பழைய ஒப்பீட்டின் முடிவும் ஆய்வேட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அடுத்த கேள்விக்குச் சென்றார். பட்டம் சிறு திருத்தங்களோடு வழங்கப்பட்டது.

அடுத்து என்ன மாற வேண்டும்

வயலைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மண்ணைப் பரிசோதிப்பது முதல் மாற்றம். அந்தச் செலவு ஒரு முழுப் பருவத்தை இழப்பதைவிடக் குறைவு. விவசாயியிடம் இந்த ஆண்டின் மருந்தைக் கேட்டால் போதாது. கடந்த சில ஆண்டுகளின் பயிர் வரிசை, விதைப் பைகள், லேபிள்கள் வேண்டும். பூசிய விதையை மருந்து என்றே பலர் எண்ணுவதில்லை என்பதால் கேள்வியை அதற்கேற்ப அமைக்க வேண்டும். தெளித்த நேரமும் தொட்டிக் கலவையும் முதல் நாளிலிருந்தே பதிவாக வேண்டும்.

ஒப்பந்தத்தில் அவசரநிலைக்கென ஒரு பிரிவு இப்போது அந்தத் துறையில் சேர்க்கப்பட்டிருக்கிறது: அண்டை நிலத்துத் தேனீக்களுக்கு உடனடி ஆபத்து என்றால் முதலில் விவசாயி தெரிவிப்பார், குறித்த நேரத்துக்குள் தெரிவிக்காவிட்டால் ஆய்வுக்குழு தெரிவிக்கும். இதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடத் தயங்கிய விவசாயிகள் மிகச் சிலரே.

தீராமல் இருப்பது ஒன்று. தேனீ இனங்களில் பெரும்பான்மையானவை மண்ணுக்குள் கூடு கட்டுபவை. குழாயில் வாழும் ஆஸ்மியாவை மருந்து அடைவது பெரும்பாலும் உணவின் வழியாகவும் தெளிப்பின் வழியாகவும், ஓரளவு சுவர் கட்டும் மண்ணின் வழியாகவும்தான். மண்தேனீயின் புழுவோ எச்சம் தங்கிய மண்ணிலேயே மாதக்கணக்கில் கிடக்கிறது. அந்தப் பாதிப்பு இந்த ஆய்வின் அளவைக்குள் வரவேயில்லை. அதே வயல்களில், சேமித்துவைத்த மண் மாதிரிகளோடு, இன்னொரு மாணவர் இப்போது மண்தேனீக்களின் கூடுகளைக் குறித்துக்கொண்டிருக்கிறார். அந்த முதிய விவசாயியும் தம் நிலத்தை இந்த ஆய்வுக்குத் தந்திருக்கிறார்.